நாற்பத்திரண்டாம் நிமிடம்

தபசு காலத்துக்குள் முடித்துத் தரச் சொல்லி
அச்சன் ஒரு பட்டியல் கொடுத்தார்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் காதலிக்கும் படங்கள், பதினொன்று.
பங்கு இதழில் ஒரு பக்கம், மூன்று கட்டம்:
பார்க்கலாம். பெற்றோருடன். வேண்டாம்.
மறைக்கல்வியில் ஆறாம் கட்டளை நடத்துகிறவள் என்பதால்
டிக் போடும் வேலை எனக்கு.

இரவிபுத்தன்துறையில் பதினொரு மணிக்குமேல்
கடல் மட்டும்தான் சத்தமாகப் பேசும்.
மகன் தூங்கிய பிறகு
அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பார்க்கிறேன்
ஜன்னலைச் சாத்தி,
காதில் இயர்போன் செருகி.
இதையே ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்தால்
அதற்கு என்ன பெயர் வைத்திருப்பேன்
என்று முதல் நாளே தோன்றியது.

நோட்டில் எழுதுகிறேன்.
பதினேழாம் நிமிடம்: அம்மாவிடம் பொய்.
இருபதாம் நிமிடம்: ட்யூஷனுக்குப் போகவில்லை.
நாற்பத்திரண்டு: மழை, பேருந்து நிழற்குடை, முத்தம்.

முத்தம் நான்கு வினாடி.
அதற்கு முன்னால்
இருபது நிமிடம் அவன் அவள் பின்னாலேயே போகிறான்.
சைக்கிளில். பிறகு யாருடையதோ பைக்கில்.
செருப்பு அறுந்து அவள் நிற்கும்போது
கூட்டுக்காரன்மாரோடு சிரித்துக்கொண்டு.
‘போ’ என்கிறாள், மூன்று முறை.
பின்னணியில் வயலின்.

பேதுரு மூன்று முறை இல்லை என்றதற்குச் சேவல் கூவியது.
இவள் மூன்று முறை இல்லை என்றதற்கு
தியேட்டர் விசிலடிக்கும்.

என் நோட்டில் அந்த இருபது நிமிடமும் வெறும் தாள்.
நான்கு வினாடிக்கு மட்டும்
சிவப்பு மையில் அடிக்கோடு.

திரும்ப ஓட்டினேன்.

மார்த்தாண்டம் கல்லூரிக்குப் போன முதல் வருஷம்
நீலச் சட்டைக்காரன் ஒருவன்
அதே பஸ்ஸில் ஏறி அதே நிறுத்தத்தில் இறங்கினான்,
மழை விட்டு மறு மழை வரும்வரை.
அதைப் பாவசங்கீர்த்தனத்தில்
என் பாவமாகச் சொன்னேன்.
பத்து ‘அருள் நிறைந்த மரியே’ கிடைத்தது.
வீட்டுக்கு நடந்துகொண்டே சொல்லி முடித்தேன்.
அவன் அப்போதும் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

நேற்று பெர்க்மான்ஸ் கூப்பிட்டார்.
போட்டு ரத்னகிரிக்கு வெளியே, இருபத்தாறாம் நாள்.
பன்னிரண்டு பேரும் ஒரே போனில்
இதே படத்தைப் பார்த்தார்களாம்.
“கொள்ளாம். கடைசியில ரெண்டும் சேந்துட்டு.
அதுக்குப் பெறவு என்ன ஆச்சுன்னுதான் காட்டல்ல.
மோனுக்குப் பனி விட்டுதா?”
விட்டுது என்றேன்.
லைன் அறுந்தது.

அதற்குப் பிறகு என்ன ஆச்சு என்பதை
யார் படமெடுப்பார்?
நாற்பது நாள் இல்லாத ஒருவருக்கு
உண்மையாயிருப்பது
எந்தக் கோணத்திலும் அழகாக விழாது.
கேமரா வைத்தால்
நான் மீன்சட்டி தேய்ப்பதுதான் தெரியும்.

பட்டியலில் ஏழாவது படம் வேறு மாதிரி.
கணக்கில் தோற்ற பெண், அவளைவிடக் குள்ளமான பையன்.
கூட்டமான பஸ்ஸில் அவளுக்கு வழிவிட
தன் உடம்பை ஒடுக்கிக்கொள்கிறான்,
யாரும் கவனிக்காத ஒரு நொடி.
அதற்கு ‘பார்க்கலாம்’ போட்டேன்.

அச்சன் கண்ணாடியைக் கழற்றினார்.
“டீச்சர், இதிலும் முத்தம் இருக்கே?”
“இருக்கு அச்சா. கேட்டுட்டுத்தான் குடுத்தான்.”
“மத்த படத்துக்கு மட்டும் வேண்டாமா?”
“அது முத்தத்துக்காக இல்ல.”

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
பிறகு, காரணம் எழுத இதழில் இடமில்லை என்றார்.
ஏழாவதை ‘பெற்றோருடன்’ என்று மாற்றினார்.
சரி என்றேன், அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு,
பதின்மூன்று வயதுக்கு எல்லாம் சீக்கிரம் புரிந்துவிடுகிறது,
தப்பாக.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேண்டும்.
இந்தமுறை சொல்வதற்கு இல்லை,
பத்தொன்பது வருஷம் முன்பு சொன்ன ஒன்றைத்
திரும்ப வாங்குவதற்கு.
அது என்னுடையது இல்லை, மாறி வந்துவிட்டது என்று.
அப்படி ஒரு வழக்கம் உண்டா தெரியவில்லை.
கம்பிவலைக்கு அந்தப்பக்கம்
என்ன சொல்வார்களோ.

இன்னும் நான்கு படம் பாக்கி.